மூன்று மணிக்கு லைவ்... மூச்சு விடாதே!

ஃபோன் அலறியது.

மதியம் இரண்டு நாற்பது. பாக்கார் ஆராங்கின் தாமான் குடியிருப்பு வீடுகள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம்.

ஜேன் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை மிளகாய் நெடி. சுண்டு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஹலோ..."

"என் பொண்டாட்டி எங்க?"

ஆண் குரல். மூச்சு இரைத்தது.

"யாரு பேசறது?"

"பிரெடி. சிடாம் கிரியிலேர்ந்து பிரெடி. அலிசியா எங்கன்னு கேக்கறேன்!"

ஜேனின் கையிலிருந்து கரண்டி நழுவி வாணலிக்குள் விழுந்தது.

"எனக்குத் தெரியாதுலா தம்பி. இங்க வரல."

"பொய்! நான் வேலைக்குப் போனதும் வீட்ட விட்டுக் கெளம்பியிருக்கா. ஒன்னே முக்காலுக்கு ஃபோன் ஆஃப்! ஒன் லைவ்ல வந்து என் மானத்த வாங்கப் போறா... அதானே?"

"தம்பி... நீங்க..."

"நீ நேத்து அவளுக்கு அனுப்புன வாட்ஸ்அப்ப நானும்தான் படிச்சேன். அவ மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும்! இன்னிக்கு அவ வாயத் தொறந்தா... அவளையும் விட மாட்டேன். ஒன்னையும் விட மாட்டேன்!"

தொடர்பு அறுந்தது.

சம்பல் அடிபிடிக்கும் வாசனை. அடுப்பை அணைக்கக்கூட ஜேனுக்குத் தோன்றவில்லை.

"யாரு ஜேன்?"

முதுகுக்குப் பின்னால் குரல். தூக்கிவாரிப் போட்டது!

டெனிஸ். அவள் கணவன். கையில் பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப்போடு நின்றான்.

"பிரெடி... அலிசியா புருசன். அவளக் காணோமாம் டெனிஸ். எனக்குப் பயமா இருக்கு."

"வந்துருவாலா. பஸ்ஸு லேட்டா இருக்கும்." அவனே எட்டி அடுப்பை அணைத்தான். "மூஞ்சியக் கழுவு. லைவுக்கு இருவது நிமிசந்தான் இருக்கு."

எவ்வளவு பொறுப்பான புருஷன், பாருங்கள்!

*

'ஜேன் அடுப்படி.'

சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். தினமும் மூன்று மணிக்கு ஃபேஸ்புக் லைவ். நெத்திலி சம்பல், கருவாடு, ஊறுகாய். வேண்டியதைக் கமெண்டில் எழுதினால் ஆர்டர். டெனிஸ் ஃபோனைப் பார்த்துக்கொள்வான், ஆர்டரைக் குறிப்பான், சாயங்காலம் வேனில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். காலையில் அவனுக்கு ஹெண்ட்போன் ரிப்பேர் கடை.

ஆரம்பத்தில் சம்பல் மட்டும்தான் ஓடியது.

ஒரு நாள் எஸ்டேட் பெண் ஒருத்தி, 'அக்கா, நெத்திலி ஒண்ணு. எம் புருசன் நேத்து என் கைய ஒடச்சிட்டான்' என்று ஒரே மூச்சில் கமெண்ட் போட்டாள்.

ஜேன் சம்பலை மூடி வைத்துவிட்டு அவளோடு பேசினாள். எங்கே ரிப்போர்ட் கொடுப்பது... டாக்டரிடம் என்ன கேட்டு வாங்குவது... அரை மணி நேரம்! அன்றிலிருந்து லைவின் கடைசிப் பத்து நிமிடம் பெண்களுக்கு. ஆயிரம் பேர் பார்த்தது நாலாயிரம் ஆனது. ஃபேக்டரி கேண்டீனில் பார்த்தார்கள். மாமியார் குளிக்கப் போன இடைவெளியில் பார்த்தார்கள்.

இன்றைய பத்து நிமிடம் அலிசியாவுக்கு.

போன ஞாயிறு, பூசை முடிந்து, மாதா கோயில் படிக்கட்டில் முடிவான விஷயம் அது. அலிசியா தன் ஃபோனை உள்ளே பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அந்த ஃபோனுக்குக் காது இருக்குக்கா."

"என்னடி சொல்ற?"

"நான் குளிக்கறப்ப அவரு என்னமோ ஆப் போட்டுட்டாரு. யாருகிட்ட பேசறேன், எங்க போறேன்... எல்லாம் தெரியுது. நான் மட்டுமில்ல. எங்க பக்கத்துல இன்னும் மூணு பொம்பளைங்க ஃபோன்ல இருக்கு. எல்லாத்துக்கும் ஆப் போட்டுக் குடுத்தது ஒரே ஆளு. அவரு ஃபோன்ல 'மாஸ்டர்'னு பேரு போட்டு வச்சிருக்காரு. நம்பர மனப்பாடம் பண்ணிட்டேன்."

"நேரா ரிப்போர்ட் குடுத்துரு."

"குடுக்கறேன். அதுக்கு முன்னால ஒங்க லைவ்ல வச்சு அந்த நம்பருக்கு அடிக்கணும். அவன் கொரல நாலாயிரம் பேரு கேக்கட்டும். யாராச்சும் ஒருத்தி கண்டுபுடிக்க மாட்டாளா?"

இருபத்தாறு வயதுப் பெண். மூளை இரண்டு பேருக்கு இருந்தது.

ஜேன் அவள் கையில், கறி அடைத்துப் பொரித்த கறி பாப் ஒன்றைத் திணித்தாள். "சாப்புடு. எலும்பும் தோலுமா நிக்கற."

"கோழியா? வேணாக்கா. சாம்பல் புதன்லேர்ந்து நான் கறி தொடறதில்ல. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா திருநாள் வரைக்கும் நேர்ந்துக்கிட்டேன்... அவரு திருந்தணும்னு."

"அவனுக்குத் தெரியுமா?"

அலிசியா சிரித்தாள். "பக்கத்துல ஒக்காந்து சாப்ட்டாத்தானேக்கா தெரியும்?"

அந்தப் பேச்சைக் கேட்டவர் வேறு யாருமில்லை. ஜேனின் ஃபோன்கூட காரில் டெனிஸிடம் இருந்தது. அவன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவான். காரை விட்டு இறங்க மாட்டான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஜேன் இரண்டு தவறு செய்தாள்.

ஒன்று... 'நாளைக்கு மூணு மணி. தைரியமா வா' என்று அலிசியாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். காதுள்ள ஃபோனுக்கு! அனுப்பிய பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது தவறை, தவறு என்றே அவள் நினைக்கவில்லை. நம்மில் யாருமே நினைக்க மாட்டோம்.

*

மூன்று மணி. லைவ்!

"வணக்கம்... வாங்க வாங்க! ஜேன் அடுப்படிக்கு வாங்க!"

சிரிப்பு வாயில் இருந்தது. கண் வாசல் கேட்டில் இருந்தது.

ஹாலில் நீளமான ஸ்டீல் மேசை. மேல் சம்பல் டப்பாக்கள், கருவாட்டுப் பொட்டலங்கள், வெட்டுக்கத்தி, ஓரத்தில் டெனிஸின் தோள் பை. எதிரே ஸ்டாண்டில் ஃபோன். அதற்குப் பின்னால், ஆர்டர் பார்க்கும் இன்னொரு ஃபோனோடு டெனிஸ்.

மூன்று பத்து. அலிசியா இல்லை.

கமெண்ட் ஓடியது.

'அக்கா, இன்னிக்கு ஒரு தங்கச்சி பேசுவாங்கன்னு சொன்னீங்களே?'

'எங்க ஆளக் காணோம்?'

"வருவா... வந்துக்கிட்டே இருப்பா..." ஜேனின் கண் மறுபடி கேட்டுக்குப் போனது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. "இல்ல... ஒண்ணு சொல்லிடறேன். இன்னும் அஞ்சு நிமிசம் பாப்பேன். வரலன்னா லைவ நிறுத்திட்டு நேரா போலீஸ் பாலாய்க்குப் போயி ரிப்போர்ட் குடுக்கப் போறேன்!"

டெனிஸ் நிமிர்ந்தான். 'தண்ணி குடிச்சிட்டு வர்றேன்' என்று சைகை செய்தான். தோள் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

இரண்டு நிமிடம்.

டிங்!

'அலிசியா பிரெடி: அக்கா சாரி. அம்மாவுக்கு ஒடம்பு முடியல. அலோர் ஸ்டாருக்கு வந்துட்டேன். நான் நல்லா இருக்கேன். இன்னொரு நாள் பேசறேன். எனக்கு ரெண்டு பாக்கெட் மட்டன் பெரட்டல் எடுத்து வைங்க.'

"அப்பாடா... மாதாவே!" ஜேன் நெஞ்சில் கை வைத்தாள். "பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்கா! நாந்தான் வீணா..."

நின்றுவிட்டாள்.

ரெண்டு பாக்கெட்... மட்டன்?

அந்த வரியை மறுபடி படித்தாள்.

சாம்பல் புதனிலிருந்து கறி தொடாதவள். கறி பாப்பையே கையால் தள்ளியவள். அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டவள்... மட்டன் கேட்கிறாளா?

இதை எழுதியது அலிசியா இல்லை!

அவள் ஃபோனை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அலிசியா எங்கே? உயிரோடு இருக்கிறாளா?

பிரெடி! அந்தப் பாவிதான்! எழுதிவிட்டு, இந்த நிமிடம் இந்த லைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்!

முகத்தில் காட்டக்கூடாது. காட்டினால் அவளை முடித்துவிடுவான்.

"ச... சரிம்மா அலிசியா. அம்மாவ நல்லாப் பாத்துக்க." ஜேன் சிரித்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. "அடுத்து கருவாடு. கோலா மூடா கருவாடு..."

டெனிஸ் திரும்பி வந்து தோள் பையை மேசை ஓரத்தில் வைத்தான். கேமராவுக்குத் தெரியாமல், ஆர்டர் துண்டுச் சீட்டில் ஜேன் கிறுக்கி அவனிடம் நீட்டினாள்.

'அது அலிசியா இல்ல. போலீசக் கூப்புடு!'

டெனிஸ் படித்தான். பிறகு குனிந்து, கேமராவுக்கு எட்டாத குரலில் கேட்டான்.

"எப்படிச் சொல்ற?"

ஜேன் தலையை மட்டும் ஆட்டினாள். 'அப்பறம்.'

அவன் சமையலறைக்குப் போனான். வந்தான். கட்டை விரலை உயர்த்தினான். "வர்றாங்க," என்று உதட்டை அசைத்தான்.

ஜேனுக்கு உயிர் வந்தது. பாதி உயிர்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொம்!

வாசல் பக்கமிருந்து.

டொம்... டொம்!

"என்ன சத்தம் டெனிஸ்?"

"ஒண்ணுமில்லலா. பக்கத்து வீட்ல ரினோவேஷன்." கேமராவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னான்.

கமெண்ட் ஒன்று விழுந்தது.

'புஷ்பவள்ளி: டெனிஸ் தம்பி, பக்கத்து வீடு நான்தானே. என் வீட்டுல ஏது ரினோவேஷன்? நான் காலை நீட்டிப் படுத்து ஒங்க லைவப் பாத்துக்கிட்டு இருக்கேன்.'

ஜேன் படித்தாள். அடுத்த நொடி... கமெண்ட் மறைந்தது!

அழிக்கப்பட்டிருந்தது.

இந்த லைவில் கமெண்டை அழிக்க இரண்டே பேரால்தான் முடியும். ஒன்று ஜேன். இன்னொன்று...

ஜேன் மெல்லக் கண்ணை உயர்த்தினாள். ஃபோனுக்குப் பின்னால் டெனிஸ் புன்னகைத்தான். பதினொரு வருடமாகப் பார்த்த புன்னகைதான். இன்று அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

இல்லை... என் புருஷனா? சேச்சே!

மேசையைப் பார்த்தாள். சம்பல் இருந்தது. கருவாடு இருந்தது. ஊறுகாய் இருந்தது.

மட்டன் இல்லை!

மட்டன் பெரட்டல் இன்றைய 'சர்ப்ரைஸ்'. மூன்றே முக்காலுக்கு மேல்தான் அறிவிக்கலாம் என்று ஃப்ரீசரில் வைத்திருந்தாள். போஸ்டரில் போடவில்லை. வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த ஊரில் அந்த மட்டனைப் பற்றித் தெரிந்தவர்கள், சமைத்தவளும்... கூட உட்கார்ந்து பாக்கெட் போட்டவனும்!

சமையலறைக்குத் 'தண்ணி குடிக்க'ப் போன இரண்டு நிமிடம்...

"ஜேன்," டெனிஸ் மெதுவாகச் சொன்னான். "என்ன, பேச்சு நின்னுருச்சு? நாலாயிரம் பேரு பாக்கறாங்க."

ஆமாம். நாலாயிரம் பேர். அவர்கள் பார்க்கிற வரைக்கும்தான் தனக்கு உயிர் என்று அவளுக்குப் புரிந்தது.

*

தடார்!

வாசல் கேட்டை யாரோ உதைத்தார்கள்.

"ஏய்! அலிசியா! வெளிய வாடி!"

பிரெடி! ஃபேக்டரி சட்டை. கையில் ஹெல்மெட். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"தொறக்காத!" டெனிஸ் துள்ளி எழுந்தான். "கொலகாரன்! கொல்லத்தான் வந்திருக்கான். லைவ நிறுத்து ஜேன்!"

"நிறுத்தாதீங்க!" பிரெடி கேட்டைத் தாண்டி வந்து வாசல் கிரில் கம்பியைப் பிடித்து உலுக்கினான். "ஊரே பாக்கட்டும்! என் பொண்டாட்டிய ஒளிச்சு வச்சிருக்கீங்க!"

"அவ இங்க இல்ல தம்பி!"

"பொய்! ஒன்னே முக்கால்லேர்ந்து செத்துக் கெடந்த ஃபோனு, மூணு பத்துக்கு மேல ஆன் ஆச்சு. ஆப்புல புள்ளி எங்க காட்டுதுன்னு பாரு!" ஃபோன் திரையைக் கம்பிக்கு ஊடாக நீட்டினான். "இந்த வீட்ல! ஒன் வீட்ல!"

மூன்று பத்து. மட்டன் ஆர்டர் வந்த அதே நேரம்.

ஜேன் நடுவில் நின்றாள்.

வெளியே, விட மாட்டேன் என்று கத்துகிறவன். உள்ளே, தொறக்காதே என்று கெஞ்சுகிற கணவன். யாரை நம்புவது? தாலி கட்டியவனையா... மிரட்டியவனையா?

வியர்வை கண்ணில் எரிந்தது.

"ஜேன், சாவிய எங்கிட்ட குடு." டெனிஸ் கையை நீட்டினான். "குடும்மா. நல்ல பொண்ணுல்ல?"

ஜேன் கிரில்லைத் திறந்தாள்.

பிரெடி உள்ளே பாய்ந்தான். கை ஓங்கினான்.

"அடி!" ஜேன் அலறினாள். "ஆனா அதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி! அந்த ஆப்ப யாரு போட்டுக் குடுத்தது?"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"தெ... தெரியாது. பாத்ததே இல்ல. கூட வேல செய்யறவன் நம்பர் குடுத்தான். லிங்க் அனுப்புனாரு, அழுத்துனேன். மாஸ்டர்னு..."

"அடி அந்த நம்பருக்கு!"

"எதுக்கு?"

"ஒன் பொண்டாட்டி உயிரோட வேணுமா, வேணாமா? அடி தம்பி! ஸ்பீக்கர்ல போடு!"

அவள் குரலில் என்ன இருந்ததோ... பிரெடியின் விரல் தானாக அழுத்தியது.

மணி போனது.

ஒரு மணி... இரண்டு மணி...

எந்த ஃபோனும் பாடவில்லை. டெனிஸ் உதட்டைச் சுழித்தான்.

"பாத்தியா? பைத்தியக்காரி மாதிரி..."

ட்ர்ர்ர்ர்ர்...

டெனிஸின் வாய் அப்படியே நின்றது.

ட்ர்ர்ர்ர்ர்... ட்ர்ர்ர்ர்ர்...

ஸ்டீல் மேசை அதிர்ந்தது. சம்பல் டப்பாக்கள் கிடுகிடுத்தன. ஓரத்திலிருந்த தோள் பை, உயிர் வந்த மாதிரி நகர்ந்தது!

சத்தத்தை அணைத்திருந்தான் மாஸ்டர். அதிர்வை அணைக்க மறந்துவிட்டான்.

பிரெடி பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். வேன் சாவி விழுந்தது. பழைய ஃபோன் ஒன்று துடித்தபடி விழுந்தது. கடைசியாக, ரோஸ் உறை போட்ட ஃபோன் ஒன்று.

"இது... இது அலிசியாவோட..."

"டெனிஸ்..." ஜேனின் குரல் உடைந்தது. "அவ எங்க? என்ன செஞ்ச அவள?"

மேசையிலிருந்த வெட்டுக்கத்தி அவன் கைக்குப் போயிருந்தது. மறு கை ஜேனின் கழுத்தை வளைத்தது.

"கிட்ட வந்த... இவ கழுத்து இருக்காது!"

பிரெடி பின்வாங்கினான்.

கத்தி முனையாலேயே டெனிஸ் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். ஃபோன் தரையில் விழுந்தது. மிதித்தான். திரை சுக்குநூறானது.

லைவ் செத்தது.

"இப்ப யாரும் பாக்கல," என்றான் அவள் காதில்.

அவ்வளவு பயத்திலும் ஜேனுக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. "ஏன்?"

"ஏனா? ஆம்பளைங்க கேக்கறாங்க, போட்டுக் குடுக்கறேன். பொண்டாட்டி எங்க இருக்கான்னு புருசனுக்குத் தெரியறது ஒரு குத்தமா? அந்தப் பொண்ணு பேசாம இருந்திருந்தா நானும் பேசாம இருந்திருப்பேன். லைவ்ல என் நம்பருக்கு அடிக்கப் போறாளாம்! பஸ் ஸ்டேஷன்ல போயி, 'ஜேன் அக்கா ஏத்திட்டு வரச் சொன்னா'ன்னேன். சிரிச்சுக்கிட்டே வேன்ல ஏறுனா. லைவ் முடிஞ்சு டெலிவரிக்குப் போறப்ப, மெர்போக் ஆத்துப் பக்கம்..."

"ஒனக்கு எப்படித் தெரியும்? அவ நம்பருக்கு அடிக்கப் போறான்னு ஒனக்கு யாரு..."

கேட்டு முடிக்கும் முன்பே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று ராத்திரி. சாப்பாட்டு மேசை. ரசத்தை ஊற்றியபடி, விரதத்தைத் தவிர அலிசியாவின் திட்டம் முழுவதையும் சொன்னது அவளேதான். கட்டிய புருஷனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அதுதான் இரண்டாவது தவறு.

"என் ஃபோன்லயும்... அந்த ஆப் இருக்கா?"

டெனிஸ் சிரித்தான்.

"மொதல்ல போட்டதே ஒன் ஃபோன்லதான்டி."

அந்த ஒரு வார்த்தையில் ஜேனின் பயம் முழுவதும் தீர்ந்துபோனது. மிச்சமிருந்தது கோபம் மட்டும். அவள் கை மேசையைத் துழாவியது. திறந்திருந்த ஒரு டப்பா அகப்பட்டது.

காலை முழுக்க அரைத்த மிளகாய்.

பின்னால் திரும்பிப் பார்க்காமலே வீசினாள்!

"ஆ... ஆ... கண்ணு! கண்ணு!"

கத்தி தரையில் விழுந்தது. டெனிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஓடிப் போய் எதன் மீதோ மோதினான்.

புஷ்பவள்ளி அக்கா!

ஒரு கையில் விளக்கமாறு. இன்னொரு கையில் ஃபோன். அவளுக்குப் பின்னால் தாமான் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு ஃபோன்... எல்லாம் லைவ்!

"என்னா தம்பி," என்றாள் புஷ்பவள்ளி. "என் கமெண்ட அழிச்சிட்டீங்க... என்னைய எப்படி அழிப்பீங்க?"

விளக்கமாறு இறங்கியது.

*

"சத்தம்!" ஜேன் கத்தினாள். "வேன்! சத்தம் வேன்லேர்ந்துதான் வந்துச்சு!"

வாசல் போர்ச்சில் வேன். மேற்கு வெயில் அதன் மேல் முழுசாக இறங்கியிருந்தது. கதவைத் தொட்டால் கை சுட்டது. இப்போது உள்ளே சத்தமே இல்லை.

பிரெடி கீழே கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். சாவி துளையில் இறங்கவில்லை.

"குடு இப்படி!" ஜேன் பிடுங்கித் திறந்தாள்.

அடுப்பைத் திறந்த மாதிரி அனல்.

காலிப் பெட்டிகளுக்கு நடுவே அலிசியா. கையிலும் காலிலும் வாயிலும் பிரவுன் டேப். ஆடை நனைந்து ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது.

அசைவில்லை.

"அலிசியா! ஏய் அலிசியா!"

புஷ்பவள்ளி டேப்பை உரித்தாள். ஜேன் தண்ணீரை முகத்தில் கொட்டினாள். ஒரு போத்தல். இரண்டு போத்தல். பெண்கள் சேலையாலும் துண்டாலும் விசிறினார்கள். யாரோ ஜெபம் சொன்னார்கள். யாரோ மாரியம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"அன்னம்மா தாயே... ஒனக்காகத்தானே நேர்ந்துக்கிட்டா... காப்பாத்து..."

ஒரு நிமிடம்... ஒன்றரை நிமிடம்...

இருமல்!

அலிசியாவின் கண் திறந்தது. ஜேன் அவளைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே அந்த மட்டன் ஆர்டர் கதையைச் சொன்னாள்.

சைரன் கேட்டது. டெனிஸ் 'கூப்பிட்ட' போலீஸ் அல்ல. அவன் கூப்பிடவே இல்லை. லைவ் பார்த்த பெண்கள் நாற்பது பேர் ஒரே நேரத்தில் அழைத்ததில் வந்த போலீஸ். முதலில் இறங்கியது பெண் போலீஸ் சார்ஜன் சாந்தினி.

"யாரு டெனிஸ்?"

விளக்கமாற்றுக்கு அடியில் ஒருவன் முனகினான். விலங்கு மாட்டினார்கள்.

பிரெடி மெல்ல மனைவியின் அருகே வந்தான்.

"அலிசியா... நான்தான்... ஆப்புல பாத்துத்தான் ஒன்னையக் கண்டுபுடிச்சேன். அது இல்லன்னா நீ..."

அவன் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது! அலிசியா நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருடமாக அவனை 'நீங்க' என்று மட்டுமே அழைத்தவள்.

"நான் யாருகிட்ட பேசுனேன்னு ஒனக்குத் தெரியும். எங்க போனேன்னு தெரியும்." குரல் கரகரத்தது. "அஞ்சு மாசமா நான் கறி சாப்புடலன்னு ஒனக்குத் தெரியுமா?"

பிரெடி விழித்தான்.

"கறி... சாப்புடறதில்லையா?"

"என்னைக் காப்பாத்துனது ஆப் இல்ல. ஜேன் அக்காவுக்குத் தெரிஞ்சது... ஒனக்குத் தெரியாதது. அதுதான் காப்பாத்துச்சு."

சாந்தினி பிரெடியின் தோளைத் தட்டினாள். "நீயும் ஏறுலா."

"நானா? நான் என்னம்மா செஞ்சேன்?"

"லிங்க் அனுப்புனது அவன். அழுத்துனது நீ. அதையும் லைவ்ல நீயே சொல்லிட்ட. ஏறு!"

ஜீப் நகர்ந்தது. அலிசியாவை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்சும் கிளம்பியது. கதவு சாத்துமுன் அவள் ஜேனின் விரலைப் பிடித்தாள்.

"அக்கா... நாளைக்கு மூணு மணிக்கு நான் பேசறேன்."

"மொதல்ல ஆஸ்பத்திரி!"

"பேசறேன்க்கா."

ஜேன் படியில் உட்கார்ந்தாள். பதினொரு வருடம்... பக்கத்தில் படுத்திருந்தவன்... புஷ்பவள்ளி அருகில் உட்கார்ந்து, தன் ஃபோனை அவள் முன்னால் நீட்டினாள்.

"இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பதினெட்டாயிரம் பேரு. ஒரு வார்த்த சொல்லும்மா. எல்லாம் பயந்து போயி கெடக்குதுங்க."

ஜேன் கண்ணைத் துடைத்தாள். திரையில் கமெண்ட் மழை.

'அக்கா நல்லா இருக்கீங்களா?'

'அக்கா, என் ஃபோன்லயும் இருக்கான்னு எப்படிப் பாக்கறது?'

'அக்கா, கோவிச்சுக்காதீங்க... அந்த மட்டன் பெரட்டல் இன்னும் இருக்கா?'

ஜேன் அந்தக் கடைசிக் கமெண்டையே பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மட்டன் இருக்கு," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "ஆனா டெலிவரி பண்றவன் லாக்கப்புக்குப் போயிட்டான். இனிமே எல்லாம் செல்ஃப் பிக்கப்லா!"